சாய்ந்த பக்கத்துக்கே தண்ணீர்

டேங்கர் கப்பலில் வேலை கிடைத்த கையோடு நம் மாவட்டத்துப் பிள்ளைகளாகிய நீங்கள் சிலர் என்னைப் பார்க்க வருகிறீர்கள். கையில் சாத்தூர்ச் சேவு, வாயில் ஒரே கேள்வி. "பெட்ரோல ஏத்திக்கிட்டுப் போற கப்பலாச்சே, பயமா இருக்காதா சார்?"

இதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் எங்களுக்கு அச்சகம் இருந்தது. காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும் அடிப்போம். பெரியப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனி. நான் பள்ளி முடித்ததும் தன்னோடு சேர்த்துக்கொள்ள நினைத்தார். எனக்கோ வெடி என்றால் குலைநடுக்கம். விளக்குமாற்றுக் குச்சியின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சரத்தைப் பற்றவைக்கப் போய், அது பற்றுவதற்கு முன்பே வீட்டுக்குள் ஓடிவிடுகிற ஆள் நான். அதனால் கப்பல் எஞ்சினியர் ஆகிறேன் என்றேன். தண்ணீர்மேல் வேலை. தீக்கும் நமக்கும் தூரம். படித்து முடித்து ஏறிய முதல் கப்பலில் தொட்டி தொட்டியாகப் பெட்ரோல். என் கட்டில் அதற்குச் சற்றுப் பின்னால் இருந்தது. பெரியப்பா கேள்விப்பட்டு, "ஏலே, எங்கிட்ட வந்திருந்தா கிலோக் கணக்குலதேன் இருந்திருக்கும்" என்றார்.

ஆகவே தீயைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதற்குப் பயிற்சி தருகிறார்கள், ஒத்திகை நடத்துகிறார்கள், கப்பல் முழுக்கச் சுவரில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். கப்பல் நேராக நிற்கிறதே, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நின்றுகொண்டிருக்கும் பொருளைப் பற்றி யாருக்குக் கேட்கத் தோன்றும்?

நிறைகுடம் தளும்பாது என்று சொல்லிவைத்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். காலிக்குடமும் தளும்பாது. வம்பெல்லாம் அரைக்குடத்தில்தான். வெம்பக்கோட்டை ரோட்டில் தண்ணீர் லாரி வளைவில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முழு லோடு ஏற்றிய லாரி அமைதியாகத் திரும்பிவிடும். பாதி இறக்கிய லாரியில் டிரைவர் திரும்பிய பிறகும் உள்ளே தண்ணீர் திரும்பிக்கொண்டிருக்கும். அது போகிற பக்கம் லாரியையும் இழுக்கும். கப்பலிலும் இதே கதைதான். அகலமான தொட்டிகளைப் பாதி பாதியாக வைத்துவிட்டால், கப்பல் கொஞ்சம் சாய்ந்ததுமே உள்ளே இருப்பதெல்லாம் சாய்ந்த பக்கம் ஓடிவந்து இன்னும் சாய்க்கும். ஒரு தொட்டி என்றால் கப்பல் தாங்கிக்கொள்ளும். எல்லாத் தொட்டியும் ஒரே நேரத்தில் அரைக்குடமானால் கப்பலுக்கு நேராக நிற்கிற தெம்பே போய்விடும்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தே நான் பாடம் எடுப்பேன். அகலத் தட்டில் ரசத்தை ஊற்றி, விரலால் விளிம்பைத் தூக்கிக் காட்டுவேன். ஒருநாள் பாடத்தின் உற்சாகத்தில் ரசம் முழுவதும் கேப்டனின் வெள்ளைக் கால்சட்டைக்குப் போய்விட்டது. "புரிந்தது சீஃப்" என்றார் அவர். அப்படிப்பட்ட பேராசிரியர் நான். இனி சொல்லப்போவதை அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அது ஒரு பழைய கப்பல். நான் சீஃப் எஞ்சினியர். ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தன. தொட்டிகள் பெரும்பாலும் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை நடுச்சுவர் இல்லாமல் ஒரே அகலமாகப் போகும். சரக்கு இல்லாமல் வரும்போது கப்பல் அளவுக்கு மீறி மிதந்து ஆடாமல் இருக்கக் கீழ்த்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்வோம். துறைமுகத்தில் சரக்கு ஏற ஏற, அந்தத் தண்ணீரை வெளியே இறைப்போம். நடுச்சுவர் இல்லாத கப்பல் என்பதால் அதற்கு ஒரு முறை உண்டு. ஒரு தொட்டியை முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும்.

அந்த முறையைக் காப்பது மேட் எனப்படுபவரின் வேலை. கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, சரக்குக்கு முழுப் பொறுப்பு. எங்கள் மேட் ஒரு பெண். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது அவரே ஒரு கப்பலுக்குக் கேப்டன், இதைப் படித்தால் போன் போட்டுத் திட்டுவார். அவர் கப்பலேறிய அன்று, படிக்கட்டுப் பக்கம் நின்று போனில் யாரையோ "ஏலே, அம்மாட்ட குடுலே" என்று அதட்டுவது காதில் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. போய், "எந்த ஊரும்மா?" என்றேன். "எம். புதுப்பட்டிங்க" என்றார். அவருடைய அம்மாவும் அப்பாவும் பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவர்கள். ஆலை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை, பயராபீஸ் என்போம். அந்த பயராபீஸின் பெட்டிகளுக்கு லேபிள் அடித்தது எங்கள் அச்சகமாகக்கூட இருக்கலாம். பிறர் முன்னால் அவர் என்னைச் சீஃப் சார் என்பார், தனியே இருக்கும்போது அண்ணாச்சி என்பார்.

அந்தப் பயணத்தில் கடல்நீர் இறைக்கும் இரண்டு பம்புகளில் ஒன்று படுத்துவிட்டது. அதைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி ஓடவைத்தேன். சீஃப் எஞ்சினியர் செய்ய வேண்டிய சாதாரண வேலைதான். ஆனால் நான் அதைக் காலைச் சாப்பாட்டிலும் பேசினேன், மதியத்திலும் பேசினேன், இரவிலும் பேசினேன். சமையல்காரருக்குக்கூட அந்தப் பம்பின் உறுப்புகள் அத்துப்படியாகிவிட்டன.

துறைமுகத்தில் கப்பலின் இடது பக்கம் கரையை ஒட்டி இருக்கும்படி கட்டினோம். ரப்பர் குழாய்களை இணைத்து டீசல் ஏறத் தொடங்கியது. எங்களுக்குப் பின்னால் இன்னொரு கப்பல் காத்திருப்பதாகத் துறைமுகத்திலிருந்து கேப்டனை நெருக்கிக்கொண்டே இருந்தார்கள். மேட் ஒவ்வொரு தொட்டியாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். இடையில் சரக்கின் மாதிரியில் ஏதோ சந்தேகம் என்று கரையிலிருந்து ஆள் வர, அவர் மேல்தளத்துக் குழாய்ப் பக்கம் போக வேண்டியதாயிற்று.

கட்டுப்பாட்டு அறையில் கேப்டன், இரண்டாவது ஆபீசர், நான். அவர்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது, பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்ப்பதை நான் பார்த்தேன். என் பம்பின் புகழை நிலைநாட்ட இதைவிட நல்ல வேளை வாய்க்குமா?

"இரண்டு பம்பும் இப்போது குதிரை மாதிரி ஓடுகின்றன சார்" என்றேன். "ஒவ்வொன்றாக எதற்கு? எல்லாத் தொட்டியையும் திறந்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தண்ணீர் காலி."

ரசத்தட்டுப் பேராசிரியர் சொன்னது இது.

கேப்டனுக்கு முகம் மலர்ந்தது. இரண்டாவது ஆபீசர், "மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு" என்று இழுத்தார். "அவர் மேலே வேலையாக இருக்கிறார்" என்றார் கேப்டன். வால்வுகள் திறந்தன. டீசலும் சரக்குத் தொட்டிகள் எல்லாவற்றிலும் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பம்பும் பாடின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நேரம் போயிருக்கும். மேசைமேல் இருந்த என் பேனா தானாக உருண்டு வலது பக்கம் விழுந்தது. எடுத்து வைத்தேன். மறுபடி உருண்டது. சாய்வு காட்டும் முள்ளைப் பார்த்தால் கப்பல் கடல் பக்கமாக, அதாவது வலது பக்கமாக, லேசாகச் சாய்ந்திருந்தது.

"காற்று அடிக்கிறது போல" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே கம்பத்தில் கொடி நனைந்த துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு இழுவைப் படகு எங்களை ஒட்டிப் போனது. அதன் அலை தட்டியதும் கப்பல் மெல்ல நிமிர்ந்தது. "பார்த்தீர்களா, சரியாகிவிட்டது" என்றார் கேப்டன். ஆனால் நிமிர்ந்த கப்பல் நேராக வந்த இடத்தில் நிற்கவில்லை. அப்படியே நடுவைத் தாண்டி மறுபக்கம் போய், கரைப் பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. முன்பு வலது பக்கம் எவ்வளவோ, இப்போது இடது பக்கம் அதைவிடக் கொஞ்சம் கூட. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்த ரப்பர் மெத்தைகள் நசுங்கிக் கிறீச்சிட்டன.

தேர்வில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். கப்பல் இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்தால் என்ன பொருள், என்ன செய்ய வேண்டும், எதை மட்டும் செய்யவே கூடாது என்று படம் போட்டு எழுதியிருக்கிறேன். அந்த விடை அன்று எந்த ஊருக்குப் போயிருந்ததோ தெரியாது. கேப்டன், "வலது பக்கம் தண்ணீர் ஏற்று, நிமிர்ந்துவிடும்" என்றார். நானும் கூடவே, "ஆமாம், வலது பக்கம், வலது பக்கம்" என்றேன். செய்யவே கூடாதது அதுதான்.

வலது பக்கம், அதாவது தூக்கியிருந்த பக்கம், தண்ணீர் ஏற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். கப்பல் நிமிரும். நிமிர்ந்த வேகத்தில், அந்தப் பக்கம் புதிதாகச் சேர்ந்த எடையோடு, உள்ளே இருக்கும் அரைக்குடங்கள் எல்லாம் சேர்ந்து ஓடிவர, வலது பக்கம் தடாலென்று விழும். கயிறுகள் அறும். டீசல் ஏறிக்கொண்டிருக்கும் குழாய்கள் பிய்யும். குழாய்ப் பக்கத்தில் நிற்கும் ஆட்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி எழுந்திருக்கிற சக்தி கப்பலுக்கு இருந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

கதவைத் திறந்துகொண்டு மேட் வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். வரும்போதே கரைக்காரர்களிடம் சொல்லி டீசலை நிறுத்திவிட்டிருந்தார். "பம்புகளை நிறுத்துங்கள். எல்லா வால்வுகளையும் மூடுங்கள். அதன் பிறகு யாரும் எதையும் தொட வேண்டாம்" என்றார். இரண்டாவது ஆபீசர் காத்திருந்தவர் மாதிரிச் செய்தார். மேட் ஒவ்வொரு தொட்டியின் அளவையும் பார்த்துக்கொண்டே வந்தார். யார் திறந்தது, எதற்குத் திறந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ரெண்டு பக்கமும் எடை சமமாத்தேன் இருக்கு" என்று என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "எடை கூடிச் சாயலை அண்ணாச்சி. நிக்கத் தெம்பில்லாமச் சாயுது." பிறர் முன்னால் அவர் என்னை அண்ணாச்சி என்றது அதுதான் முதல் தடவை.

பிறகு கேப்டனிடம், முன்புறம் அடியில் இருக்கும், ஏற்கெனவே காலி செய்திருந்த சின்னத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்றார். இடமும் வலமுமாக நடுச்சுவர் வைத்துப் பிரித்த தொட்டி கப்பலில் அது ஒன்றுதான். அடியில் எடை சேர்ந்தால் கப்பலுக்கு மறுபடி தெம்பு வரும்.

"எந்தப் பக்கம்?" என்றார் கேப்டன்.

"இடது. சாய்ந்திருக்கும் பக்கம்."

"சாய்ந்த பக்கத்துக்கே தண்ணீரா? கப்பலைக் கவிழ்க்கப் பார்க்கிறாயா?" கேப்டன் நல்ல மனிதர், பயந்த மனிதர். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். பார்க்கப்போனால் கேட்கும் நிலையில்தான் நானும் இருந்தேன்.

இந்த இடத்தில் இன்னொரு வெட்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தொட்டியின் வால்வைத் திறக்கும் கைப்பிடியில், திறந்த நிலையில் நிறுத்திவைக்கும் கொக்கி ஒன்று உண்டு. அது உடைந்து வெகுநாளாகியிருந்தது. கையை எடுத்தால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். பம்பையே புதுப்பித்த மகா எஞ்சினியர், ஒரு கொக்கியை இன்று நாளை என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். ஆகையால் கைப்பிடியைப் பிடித்தபடி ஒருவர் நிற்க வேண்டும். அது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நான் போய் நின்றேன்.

மேட் பக்கத்தில் வந்தார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. "அண்ணாச்சி, எறங்குன பக்கமே தண்ணிய விடுங்க. மொதல்ல இன்னுங் கொஞ்சம் சாயும். அந்நேரம் கைய எடுத்துறாதீக."

"என் கப்பலில் நீங்கள் இரண்டு பேரும் உங்கள் மொழியில் என்ன பேசுகிறீர்கள்?" என்றார் கேப்டன். "சீஃப், அவள் என்ன சொல்கிறாள்? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

விடை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எங்கள் ஊரில் வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. கத்துவதெல்லாம் கடைத்தெருவில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள்தான். இந்த அறையில் கேப்டன் கத்திக்கொண்டிருந்தார், நான் கத்திக்கொண்டிருந்தேன். மேட் கத்தவில்லை.

"இடதுதான் சார்" என்றேன். "மேட் சொல்வது சரி."

கேப்டன் என்னைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நான் கைப்பிடியை இழுத்தேன். பம்பு ஓடத் தொடங்கியது.

கப்பல் சாய்ந்தது. மேட் சொன்னபடிதான். ஆனால் சொல்லிக் கேட்பது வேறு, காலடியில் தரை இறங்குவதை உணர்வது வேறு. முள் மெல்ல மெல்ல இடது பக்கம் நகர்ந்தது. என் பேனா இந்த முறை இடது பக்கம் உருண்டு விழுந்தது. வெளியே கரையில் யாரோ கயிற்றைச் சுட்டிக்காட்டி ஓடினார்கள். கேப்டன், "போதும் சீஃப், கையை எடுங்கள்" என்றார். மேட் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் மறுபடியும், "எடுங்கள் என்கிறேன்" என்றார். நான் எடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கேப்டனின் உத்தரவை நான் மீறியது அந்த ஒருமுறைதான்.

முள் நின்றது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றதோ தெரியாது. பிறகு வந்த வழியே நகரத் தொடங்கியது. தூக்கத்திலிருந்து எழுகிற எருமை மாதிரி, அவசரமே இல்லாமல், கப்பல் நிமிர்ந்தது. சின்னத் தொட்டியின் இடது பக்கம் நிறைந்ததும் வலது பக்கத்தையும் நிரப்பச் சொன்னார் மேட். அதன் பிறகு அரைகுறையாக நின்ற தொட்டிகளை ஒவ்வொன்றாக முடித்தார். கப்பல் நேராக நின்றது. அலை தட்டினால் லேசாக ஆடி, நடுவுக்கே திரும்பி வந்தது. கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். பிறகு, ஒவ்வொரு தொட்டியாக வேலையைத் தொடரச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் காத்திருந்த கப்பல் இன்னும் நன்றாகக் காத்திருந்தது.

கம்பெனி விசாரித்தது. எல்லாத் தொட்டியையும் திறக்கச் சொன்ன யோசனை என்னுடையது என்று சொன்னேன். திறக்க உத்தரவிட்டது தான் என்று கேப்டனும் சொன்னார். எங்கள் இருவரையும் கப்பல் எப்படி நேராக நிற்கிறது என்பதைக் கற்பிக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என் மகன் வயது ஆசிரியர். வகுப்பில் எல்லாரும் உங்களைப் போன்ற புதியவர்கள். "இப்படிச் சாய்ந்தால் எந்தப் பக்கம் தண்ணீர் ஏற்றுவீர்கள்?" என்று கேட்டார். கையைத் தூக்கி, "சாய்ந்த பக்கம்" என்றேன். "அருமை, புத்தகத்தில் இருக்கிறபடியே சொல்கிறீர்கள்" என்று பாராட்டினார். கேப்டன் பக்கத்து பெஞ்சில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தை மாதம் மேட் வீட்டில் பால் காய்ச்சினார்கள். எம். புதுப்பட்டியில் புதிதாகக் கட்டிய வீடு. போயிருந்தேன். அவருடைய அம்மா வாசலுக்கே வந்து, "வாங்க மொதலாளி, சாப்பிட்டீகளா?" என்றார்.

"மொதலாளின்னு சொல்லாதம்மா" என்றார் மேட் உள்ளிருந்தபடி. "அவுக எங்கூட வேலை பாத்தவுக."

எத்தனையோ கப்பலில் எத்தனையோ பட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதைவிடப் பெரியதாக ஒன்றும் நினைவில்லை.

சாப்பிட்டு முடித்துப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். மேட் வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். நான் நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அன்னைக்கு எப்படிம்மா அம்புட்டு நிதானமா நின்னீக? உங்க குரல வச்சுத்தேன் நான் கேப்டன்ட்ட சரின்னு சொன்னேன்."

மேட் சிரித்தார்.

"நிதானமா? நானும் அதப் படிச்சிருக்கேன், அம்புட்டுதேன் அண்ணாச்சி. கண்ணால பாத்தது அன்னைக்குத்தேன். முள்ளு எறங்கிக்கிட்டே போகவும் பயந்துபோயி நிப்பாட்டுங்கன்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன். திரும்பிப் பாத்தா நீங்க கேப்டன் அந்தக் கத்து கத்தியும் கைய எடுக்காம நிக்கிறீக. இம்புட்டு அனுபவம் உள்ளவுகளே அசையலன்னா நாம சொன்னது சரியாத்தேன் இருக்கும்னு வாய மூடிக்கிட்டேன்."

அம்மா பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன். இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தேன்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கேப்டன் எடுக்கச் சொன்ன முதல் தடவையே நான் கையை எடுக்கத்தான் பார்த்தேன். பயத்தில் விரல்கள் கைப்பிடியோடு இறுகிப்போய்ப் பிரிய மறுத்துவிட்டன. கப்பல் நிமிர்ந்த பிறகு இரண்டாவது ஆபீசர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். மேட் அப்போது தொட்டி அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லை. இன்றுவரை அவருக்கு நான் சொல்லவுமில்லை. ஒரு கப்பலுக்குக் கேப்டனாக இருப்பவரின் நம்பிக்கையை இந்த வயதில் நான் ஏன் கெடுக்க வேண்டும்?